அமெரிக்க வம்சாவளி மாநாட்டில் மதுரைக்காரருக்கு என்ன வேலை?

மேலூர்ப் பக்கத்திலிருந்து எழுதியிருக்கிறீர்கள். மலேசியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் இருக்கிற சில குடும்பங்களுக்குப் பூர்வீக ஊரைத் தேடிக் கொடுத்திருக்கிறீர்கள், இனி இதையே தொழிலாக வைத்துக்கொள்ளலாமா என்று யோசிக்கிறீர்கள். தொழில்முறை வம்சாவளி ஆய்வாளர்களுக்கென்று அமெரிக்காவில் நடக்கும் மாநாட்டை வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று கேள்விப்பட்டு, டாலரில் பணம் கட்டிப் போகலாமா, எப்படித் தயாராவது, நம் ஆங்கிலம் தாங்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயாரிப்பைப் பற்றிய கேள்வியாகத்தான் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் உங்களை உறுத்துவது வேறு என்று படிக்கும்போதே தெரிகிறது. அங்கே பேசப்போவதெல்லாம் அவர்கள் நாட்டு மக்கள்தொகைக் கணக்கும் கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) நீதிமன்ற உயில்களும். நம் கையில் இருப்பதோ பட்டா, வில்லங்கம், குலதெய்வக் கோவிலின் தலைக்கட்டு வரி நோட்டு. அதைக் கேட்டு இதற்கு என்ன ஆகப்போகிறது? முதலில் அதற்குப் பதில் சொல்லிவிட்டு மற்றதற்கு வருகிறேன்.

என்னைப் பற்றி ஒரு வரி. மதுரையில் வக்கீல் குமாஸ்தாவாகப் பல வருடம் இருந்தவன், பாகப்பிரிவினை வழக்குகளுக்கு வம்சாவளிப் பட்டியல் போட்டுப் பழகி, அப்புறம் வெளிநாட்டுத் தமிழர்களுக்காக இதே வேலையைச் செய்ய வந்தவன். கொரோனா காலத்தில் இந்த மாநாடுகள் இணையத்துக்கு வந்ததிலிருந்து கலந்துகொண்டு வருகிறேன். நிலப் பத்திரம், பதிவேடு பற்றி நான் சொல்வதை நம்பிக்கையோடு எடுத்துக்கொள்ளலாம். டி.என்.ஏ. விஷயத்தில் நானும் கேட்டுக் கற்றுக்கொள்கிற ஆள்தான், அதனால் அந்தப் பகுதியைக் கொஞ்சம் தள்ளுபடி போட்டுப் படியுங்கள்.

ஆவணம் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளப் போகிறீர்கள் என்றால் அந்தப் பணத்தை மிச்சம் பிடித்து சென்னை எழும்பூரில் இருக்கிற தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கு ஒரு நடை போய்வாருங்கள், அது எவ்வளவோ மேல். அங்கே பேசுகிறவர்கள் யாரும் உங்களுக்கு அடங்கல் என்கிற கிராமச் சாகுபடிக் கணக்கைப் பற்றியோ இனாம் (மானிய) நிலப் பதிவேட்டைப் பற்றியோ சொல்லித்தரப் போவதில்லை. கிடைத்த சான்றை எப்படி எடைபோடுவது, முடிவை எப்படி எழுதிக் கொடுப்பது, வேலைக்கு எப்படிக் காசு கேட்பது என்பதற்காகப் போகிறீர்கள் என்றால் தாராளமாகப் போகலாம். நம் ஊரில் இந்த மூன்றையும் சொல்லித்தர ஆளில்லை. தேடுவதில் நம்மாட்கள் கில்லாடிகள், தேடியதை எழுதி வைப்பதில்தான் கோட்டை விடுகிறோம்.

இரண்டு விதமான மாநாடு இருக்கிறது, ஒன்றை மற்றொன்றாக நினைத்துவிடாதீர்கள். ரூட்ஸ்டெக் என்பது வம்சாவளிப் பதிவுகளைத் திரட்டி வைக்கும் ஃபேமிலிசர்ச் அமைப்பு அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் நடத்துவது, 2011-இல் தொடங்கியது, 2021-இல் முழுக்க முழுக்க இணையத்தில் இலவசமாக நடந்தது, இன்றும் அதன் இணையப் பகுதிக்குக் காசு இல்லை. தன் குடும்பத்தைத் தேடும் சாதாரண ஆட்களுக்கானது அது, திருவிழாக் கூட்டம். தொழில்முறை வம்சாவளியாளர் சங்கம் என்று 1979-இல் தொடங்கிய ஒன்று இருக்கிறது, ஏ.பி.ஜி. என்பார்கள். அவர்கள் வருடாவருடம் நடத்தும் மாநாடு தொழில் செய்கிறவர்களுக்கு, அங்கே போய் என் தாத்தாவை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டால் சிரிக்கமாட்டார்கள், ஆனால் பேச்சு அதைப் பற்றி இருக்காது. நீங்கள் கேட்டிருப்பது இந்த இரண்டாவது வகை. என் யோசனை, முதலில் ரூட்ஸ்டெக்கின் பழைய உரைகளில் நாலைந்தை இலவசமாகப் பாருங்கள். நிகழ்வு முடிந்த பிறகும் நிறைய உரைகளை இணையத்தில் விட்டு வைக்கிறார்கள். ஆங்கிலம் காதில் ஏறுகிறதா, விஷயம் பிடிக்கிறதா என்று அதிலேயே தெரிந்துவிடும். பிடித்தால் காசு கட்டுங்கள்.

இனி அங்கே என்ன கிடைக்கும் என்பது. எந்தத் தொழில்முறை மாநாட்டுக்குப் போனாலும் திரும்பத் திரும்பக் காதில் விழுவது ‘ஜீனியலாஜிகல் ப்ரூஃப் ஸ்டாண்டர்ட்’, சுருக்கமாக ஜி.பி.எஸ்.; வரைபட ஜி.பி.எஸ். இல்லை. 1964-இல் தொடங்கிய வம்சாவளியாளர் சான்றளிப்பு வாரியம் முன்வைக்கும் அளவுகோல் அது. நியாயமான அளவுக்கு முழுமையாகத் தேடியிருக்க வேண்டும், ஒவ்வொரு தகவலும் எங்கிருந்து வந்தது என்று முழுதாகக் குறித்திருக்க வேண்டும், சான்றுகளை ஒன்றோடொன்று வைத்து ஆராய்ந்திருக்க வேண்டும், முரண்பாடு இருந்தால் தீர்த்திருக்க வேண்டும், முடிவைக் காரணத்தோடு எழுதியிருக்க வேண்டும் என்று ஐந்து. கேட்கச் சாதாரணமாக இருக்கும். இதை நம் ஊர்க் காகிதத்தின் மேல் வைத்துப் பாருங்கள். ஒரு பழைய ஓலையிலோ கோவில் நோட்டிலோ ‘விகாரி வருஷம் தை மாதம்’ என்று மட்டும் இருக்கிறது. விகாரி 1899-இலும் வந்தது, 1959-இலும் வந்தது, அறுபது வருடத்துக்கு ஒருமுறை வரும், எந்த விகாரி என்று அந்த வரி சொல்லாது. அதே வீட்டில் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைத்திருப்பார்கள், அப்பா பெயர் ஒன்றுவிட்டு ஒன்று மாறி மாறி வரும், ஆக இரண்டு தலைமுறை ஒரே ஆளாக ஒட்டிக்கொள்ளும், பட்டியலில் ஒரு மனிதர் நூறு வயதுக்கு மேல் வாழ்ந்து நிலம் விற்றுக்கொண்டிருப்பார். இதையெல்லாம் நாம் அனுபவத்தில் பிரித்துவிடுகிறோம், எப்படிப் பிரித்தோம் என்பதை எழுதுவதில்லை. ‘ஊரில் பெரியவரிடம் கேட்டோம்’ என்று ஒரு வரி, முடிந்தது. அந்தப் பெரியவர் யார், அவருக்கு என்ன வயது, தான் பார்த்ததைச் சொன்னாரா அல்லது அவர் அப்பா சொல்லிக் கேட்டதைச் சொன்னாரா? தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உட்கார்ந்து படிக்கிறவருக்கு இது தெரியாவிட்டால் உங்கள் அறிக்கைக்கும் ஜோசியக் குறிப்புக்கும் வித்தியாசம் தெரியாது. இந்த ஒரு பழக்கத்துக்காகவே நான் மாநாட்டுக்குக் கட்டணம் கட்டலாம் என்பேன்.

இன்னொன்று, அக்கம்பக்கத்து ஆட்களை வைத்துத் தேடும் முறை. ஒரு ஆளை நேராகப் பிடிக்க முடியவில்லை என்றால் அவரோடு சேர்ந்து வந்தவர், சாட்சி போட்டவர், பக்கத்து நிலத்துக்காரர் என்று சுற்றி வளைத்துப் பிடிப்பது. அவர்கள் இதை ஒரு தனி உத்தியாகவே வகுத்து, மணிக்கணக்கில் உதாரணங்களோடு நடத்துகிறார்கள். நம் கிரயப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள், கீழே செக்குபந்தி என்று போட்டு இன்னார் நிலத்துக்குக் கிழக்கு, இன்னார் கிணற்றுக்கு மேற்கு என்று நாலு பக்கமும் ஆட்களை நிறுத்தி வைத்திருக்கிறது. கீழே இரண்டு சாட்சி, அப்பா பெயரோடும் ஊரோடும், அதற்கும் கீழே பத்திரம் எழுதியவர். எல்லைக்காரர்களில் ஒருவராவது பெரும்பாலும் பங்காளியாக இருப்பார், ஏனென்றால் தாத்தா சொத்தைப் பிரிக்கும்போது ஒரே காட்டைத்தான் கீற்றுக் கீற்றாகப் பிரித்திருப்பார்கள். அமெரிக்கக்காரர் பத்து ஆவணம் சேர்த்து உண்டாக்குகிற வலையை நம் பத்திரம் ஒரே பக்கத்தில் கொடுக்கிறது. அந்த வகுப்பைக் கேட்ட பிறகு பழைய பத்திரங்களை மறுபடி எடுத்துப் படித்தால் இதுவரை தாண்டிப்போன பெயர்களெல்லாம் கண்ணில் படும், இது நிச்சயம் நடக்கும்.

காசு விஷயம். ஒப்பந்தம், கட்டணம், அறிக்கை எழுதுவது பற்றிய அமர்வுகள் எது இருந்தாலும் விடாதீர்கள். மணிக்கணக்குக்கு வாங்குகிறார்கள், முன்பணம் வாங்குகிறார்கள், இத்தனை மணி நேரம் தேடுவேன், கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அறிக்கை தருவேன் என்று முதலிலேயே எழுதிக் கையெழுத்து வாங்குகிறார்கள். நம்மவர்களுக்கு இது கூச்சமாக இருக்கும். கண்டுபிடித்துக் கொடுத்தால்தான் கூலி என்று நாமே நினைத்துக்கொள்கிறோம், நாலு நாள் பேருந்தில் அலைந்து ஒன்றும் கிடைக்காமல் வந்தால் வாடிக்கையாளரிடம் சொல்லவே தயங்குகிறோம். சார்பதிவகத்தில் வில்லங்கம் போடும்போது தேடுதல் கட்டணம் கட்டுகிறோமே, அந்த சர்வே எண்ணில் ஒரு வில்லங்கமும் இல்லை என்று வந்தால் காசைத் திருப்பிக் கேட்கிறோமா? இல்லை என்று எழுதித் தருவதும் ஒரு சான்றுதான், வங்கிக்காரர் அதைத்தான் கேட்கிறார். எந்தெந்தப் பதிவேட்டில், எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுவரை பார்த்தோம், எதில் இல்லை என்று எழுதிக் கொடுத்தால் அடுத்து வருகிறவர் அதே இடத்தில் மறுபடி அலையமாட்டார். அவர்கள் சொல்லும் கட்டணத் தொகையை மட்டும் அப்படியே ரூபாயில் மாற்றிப் போடாதீர்கள். முறையை எடுத்துக்கொள்ளுங்கள், எண்ணை நீங்கள் முடிவு செய்யுங்கள். வெளிநாட்டிலிருந்து பணம் வரும்போது எதற்கான பணம் என்று வங்கி கேட்கும், அதற்கு ஒப்பந்தமும் ரசீதும் இருந்தால் வேலை சுலபம், இதற்காகவாவது எழுதி வைக்கப் பழகுங்கள்.

இனிச் சந்தேகமானவை. போனால் வாடிக்கையாளர் வருவார்களா என்று மறைமுகமாகக் கேட்டிருக்கிறீர்கள், இதற்கு என்னால் உறுதி சொல்ல முடியாது. மாநாட்டில் இருப்பவர்கள் உங்களைப் போலவே தொழில் செய்கிறவர்கள், அவர்கள் நேரடி வாடிக்கையாளர் இல்லை. ஆனால் அவர்களில் யாராவது ஒருவரிடம் என்றைக்காவது ஒரு நாள் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கூலிகள் போன கப்பல் பட்டியலில் ‘மதுரா ஜில்லா’ என்று பெயர் வந்த குடும்பம் வந்து நிற்கும், அப்போது மதுரையில் ஒரு ஆள் இருக்கிறாரே என்று நினைவு வர வேண்டும். அதற்கு நீங்கள் என்ன செய்கிறவர் என்று துல்லியமாகச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குப் போன ஒன்றரை லட்சம் பேருக்கு மேற்பட்டவர்களின் பட்டியல்கள் இருக்கின்றன, அப்பா பெயர், வயது, ஜாதி, ஜில்லா, ஊர் வரை போட்டிருக்கும். அதைப் படிக்கும் வெளிநாட்டுக்காரர் இன்றைய வரைபடத்தில் மதுரை மாவட்டத்தைப் பார்ப்பார். அந்தக் காலத்து மதுரா ஜில்லாவில் திண்டுக்கல், பழனி, பெரியகுளம், கொடைக்கானல் மட்டுமல்ல, ராமநாதபுரம், சிவகங்கை ஜமீன்களும் இருந்தன. ராமநாதபுரம் தனி ஜில்லாவானதே 1910-இல்தான், திண்டுக்கல் பிரிந்தது 1985-இல், தேனி அதற்கும் பிறகு. அதைவிட, ஜமீன் ஊரா, குடியானவரே சர்க்காருக்கு நேராக வரி கட்டிய ரயத்துவாரி ஊரா என்று தெரிந்தால்தான் எந்தப் பதிவேட்டைத் தேடுவது என்றே தெரியும். இது அங்கே பேசுகிற யாருக்கும் தெரியாது, உங்களுக்குத் தெரியும். கூச்சப்படாமல் போக இதுவே போதும்.

கலந்துகொண்டதற்கு ஒரு சான்றிதழ் அனுப்புவார்கள். அதைச் சட்டம் போட்டு மாட்டலாம், தகுதி என்று விளம்பரத்தில் போடக்கூடாது. மேலே சொன்ன வாரியம் தரும் சான்று முற்றிலும் வேறு, நீங்கள் செய்த வேலைகளைத் தொகுத்து ஆங்கிலத்தில் அனுப்பி, அதை நடுவர்கள் படித்துப் பார்த்துத் தருவது. முதல் வருடமே அதை நினைக்காதீர்கள். டி.என்.ஏ. அமர்வுகளில் ஒன்றை மட்டும் கவனமாகக் கேளுங்கள். இவ்வளவு மரபுப் பகுதி ஒத்துப்போனால் இன்ன உறவு என்று அட்டவணை காட்டுவார்கள், அது சொந்தத்துக்குள் கல்யாணம் செய்யாத கூட்டத்தை வைத்துப் போட்டது. தாய்மாமனையும் அத்தை மகனையும் கட்டுகிற நம் வீடுகளில் ஒத்துப்போகும் அளவு கூடுதலாகத்தான் வரும், தூரத்துச் சொந்தம் கிட்டத்துச் சொந்தம்போலத் தெரியும். ‘எண்டோகமி’ என்று தலைப்பில் இருக்கும் உரை இதைப் பற்றியது, அதைத் தேர்ந்தெடுங்கள். செயற்கை நுண்ணறிவு பழைய கையெழுத்தைப் படிக்கும் என்று இப்போது எல்லா மாநாட்டிலும் பேசுகிறார்கள். ஆங்கிலக் கையெழுத்துக்கு வியப்பாகத்தான் இருக்கிறது. புள்ளியும் இல்லாமல், எங்கே சொல் முடிகிறது என்றும் தெரியாமல் கூட்டி எழுதிய நம் பத்திரத் தமிழைக் கண்ணால்தான் படித்தாக வேண்டும், அந்தத் திறமைக்கு இன்னும் கொஞ்ச காலம் மரியாதை உண்டு என்று நினைக்கிறேன்.

தயாரிப்புக்கு வருவோம். நேரம்தான் பெரிய தொல்லை. சால்ட் லேக் சிட்டியில் கோடைக் கணக்கில் காலை ஒன்பது என்றால் நமக்கு இரவு எட்டரை, குளிர்காலக் கணக்கில் ஒன்பதரை. மார்ச்சிலும் நவம்பரிலும் அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் மாற்றுவார்கள், அந்த வாரங்களில் நிகழ்வு இருந்தால் முன்தினம் ஒருமுறை சரிபாருங்கள். அவர்கள் சாயங்காலம் முடிக்கும்போது இங்கே விடியக்காலை நாலரை ஆகிவிடும், முழுக்க உட்கார்ந்தால் மறுநாள் தாலுகா ஆபீஸில் போய் யாரிடமும் பேச முடியாது. பதிவுகளை எத்தனை நாள் பார்க்க விடுகிறார்கள் என்று பணம் கட்டுவதற்கு முன்னால் பாருங்கள், அந்த வசதி இல்லாத நிகழ்வுக்கு இங்கிருந்து காசு கட்டுவது வீண். ஒரு நாளைக்கு நேரலையில் இரண்டு அமர்வு போதும், அதுவும் கேள்வி பதில் இருப்பவை, மிச்சத்தைப் பகலில் பார்த்துக்கொள்ளலாம். இரவு என்பதில் ஒரு லாபம், மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை பகலில்தான் வரும். இருந்தாலும் ரவுட்டரை இன்வெர்ட்டரில் போட்டு வையுங்கள்.

பணம் கட்டும்போது அட்டை மறுக்கப்பட்டால் பயப்பட வேண்டாம். 2020 மார்ச்சிலிருந்து ரிசர்வ் வங்கி விதிப்படி புது அட்டைகள் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டும்தான் திறந்து வருகின்றன, வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கிச் செயலியில் நீங்களே திறந்துவிட வேண்டும், கட்டி முடித்ததும் மூடிவிடுங்கள். டாலர் மாற்றத்துக்கு வங்கி தனியாக ஒரு கட்டணமும் அதற்கு வரியும் பிடிக்கும், பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆங்கிலம் சுமார் என்றீர்கள். பத்திரம் படிக்கிற ஆளுக்கு இது தடையே இல்லை. ஒவ்வொரு உரைக்கும் குறிப்பேடு ஒன்றை முன்கூட்டியே தருவார்கள், சிலபஸ் என்றோ ஹேண்ட் அவுட் என்றோ பெயர் இருக்கும். முந்தின நாளே அதைப் படித்து, தெரியாத சொல்லுக்கு அடிக்கோடு போட்டுவிட்டு உட்கார்ந்தால் பாதிக்கு மேல் பிடிபடும். திரையில் ஓடும் எழுத்து வரியைப் போட்டுக்கொள்ளுங்கள், ஆட்பெயரும் ஊர்ப்பெயரும் அதில் தப்பாக வரும், மற்றபடி பரவாயில்லை. பதிவில் பார்க்கும்போது வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம். கேள்வியைத் தட்டச்சு செய்துதான் அனுப்பப் போகிறீர்கள், முன்னாலேயே எழுதி நண்பர் யாரிடமாவது காட்டித் திருத்தி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு குடும்பத்தின் முழுக் கதையையும் கேள்வியாகப் போடாமல், வாய்மொழியாக மட்டும் கிடைத்த தகப்பன் பெயரை அறிக்கையில் எப்படிக் குறிப்பது என்கிற மாதிரி இரண்டு வரியில் கேட்டால் பேச்சாளரே நின்று பதில் சொல்வார். அறிமுகத்துக்கும் அதேபோல இரண்டு வரி தயாராக இருக்கட்டும், மதுரை, தென்னிந்தியா, நிலப் பத்திரங்களும் கோவில் பதிவுகளும், புலம்பெயர்ந்த குடும்பங்களின் பூர்வீக ஊர். ‘இந்தியா முழுக்கச் செய்வேன்’ என்று மட்டும் போடாதீர்கள், யாரும் நம்பமாட்டார்கள், நம்பினால் இன்னும் கஷ்டம்.

உயிரோடு இருப்பவர்களின் பெயரையும் வாடிக்கையாளர் குடும்ப விவரத்தையும் அரட்டைப் பெட்டியில் போடக்கூடாது, அங்கே இதில் கண்டிப்பாக இருப்பார்கள். ஜாதி விஷயத்திலும் கவனம் வேண்டும், பட்டியலில் இருக்கிற ஜாதிப் பெயரை வைத்துக் குடும்பத்தையே அடையாளம் பிடிக்கிற ஊர் நம்முடையது. பேச்சாளரின் திரைப் படத்தைப் பிடித்து நம் ஆய்வாளர் வாட்ஸ்அப் குழுவில் போடுகிற வழக்கத்தையும் விட்டுவிடுங்கள், அது அவருடைய பிழைப்பு.

முடிந்த வாரத்துக்குள் நீங்கள் முன்பு எழுதிக் கொடுத்த அறிக்கை ஒன்றை எடுத்து, கேட்டதை வைத்து முதலிலிருந்து திருத்தி எழுதிப் பாருங்கள். தகவல் மூலம் இல்லாத வரிகளுக்குச் சிவப்பு மையில் கோடு போடுங்கள். அதில் எந்த இடத்தில் சிக்குகிறது என்று இங்கே எழுதினால், குடும்பத்தின் பெயரை எடுத்துவிட்டு எழுதுங்கள், என்னால் ஆனதைச் சொல்கிறேன். கேமரா போட வேண்டுமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். உரைகளுக்குத் தேவையே இல்லை, சிறு குழுவாகப் பேசும் அறைகளில் மட்டும் போடுவது மரியாதை. நள்ளிரவில் பனியனோடு உட்கார்ந்திருந்தால் அந்த அறைக்குள் போவதற்கு முன்னால் சட்டையைப் போட்டுக்கொள்ளுங்கள்.